எதிருரை நயினாரைப் பாதியில் நிறுத்திய மாதம்

போன மாதம் நான் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் அச்சுப் படியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "ஐயா, கட்டுரை நீண்டு போச்சு. பக்கம் இவ்வளவுதான் இருக்குது. எங்கே வெட்டறது?" நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்தவர் பதில் சொல்லிவிட்டார். "நல்ல சூடான இடமாப் பார்த்து வெட்டு. அப்பத்தான் அடுத்த மாசமும் வாங்குவாங்க."

அதைக் கேட்டதும் பழைய ஒரு மாதம் நினைவுக்கு வந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சில வருஷங்கள் ஆகின்றன. அச்சு மையின் வாசனைகூட மறந்துவருகிறது. அந்த மாதம் மட்டும் மறக்கவில்லை. அன்று சொல்ல நேரம் வாய்க்கவில்லை, அதனால் எழுதுகிறேன். தத்துவத் தொடர் எழுதப் போகிறவர்கள் மட்டுமல்ல, செத்துப்போன எவரையும் உயிரோடு இருக்கும் வாசகருக்கு அறிமுகம் செய்யப் போகிறவர்கள் எல்லோரும் படியுங்கள்.

ஐரோப்பிய யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷம் முன்பு, பத்திரிகை வேலூரில் லாங் பஜாரை ஒட்டிய ஒரு மாடி அறையில் நடந்தது. கீழே அச்சகம், மேலே ஆசிரியரும் உதவி ஆசிரியனாகிய நானும். ஆசிரியர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவருக்கு அது பிடிக்காது. தத்துவம் என்றால் அவருக்கு உயிர். அதே சமயம், வாசலில் அறிமுகமில்லாத ஆள் யாராவது நின்றால் போதும், கை நடுங்கத் தொடங்கிவிடும். பத்திரிகையில் வந்த ஏதோ ஒரு வரிக்காக யாரோ கோர்ட்டுக்கு இழுக்கப்போகிறார்கள் என்ற பயம் அவரை விட்டதே இல்லை.

அணைக்கட்டுப் பக்கம் ஒரு வைத்தியர் வீட்டில், மருந்துச் சுவடிகளோடு கலந்து கிடந்த ஓர் ஓலைக்கட்டு அவருக்குக் கிடைத்தது. கஷாயம், லேகியம் என்று போய்க்கொண்டிருந்த ஓலைகளுக்கு நடுவில் திடீரென்று ஒருவர் வாதம் செய்யத் தொடங்குகிறார். பெயர் எதிருரை நயினார். நூலின் பெயர் 'கட்டும் அவிழ்ப்பும்.' படி எடுக்கும் வேலை எனக்கு வந்தது. இப்படித்தான் அவரை நான் முதலில் சந்தித்தேன்.

அவர் யார் என்று இன்றுவரை எவருக்கும் உறுதியாகத் தெரியாது. நயினார் என்ற பெயர் சமணரிடமும் உண்டு, சைவரிடமும் உண்டு, முஸ்லிம்களிடமும் உண்டு. நூலின் தொடக்கத்தில் கடவுள் வாழ்த்து இல்லை. வேலூர்க் கோட்டை விஜயநகர இராயர் கையிலிருந்து பீஜப்பூர்க்காரர் கைக்குப் போனதைக் கண்ணால் பார்த்தவர் என்பது மட்டும் தெரிகிறது. "நேற்று ஒரு கொடி, இன்று ஒரு கொடி, மதிலில் வாழும் பல்லி இரண்டுக்கும் குடி" என்று ஓரிடத்தில் எழுதுகிறார்.

அவருடைய முறைதான் விசேஷம். எல்லாத் தத்துவக்காரர்களும் எதிரியின் கட்சியை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு தங்கள் கட்சியைச் சொல்வார்கள். முன்னதைப் பூர்வபட்சம் என்றும் பின்னதைச் சித்தாந்தம் என்றும் சொல்கிறோம். பெரும்பாலோர் எதிரியை நோஞ்சானாக நிறுத்தி ஒரே குத்தில் வீழ்த்திவிடுவார்கள். நயினார் அப்படிச் செய்யமாட்டார். எதிரிக்குத் தன் சோற்றைப் போட்டு, தன் பாயில் படுக்கவைத்து, எதிரியே நினைத்துப் பார்க்காத வாதங்களையும் அவன் வாயில் வைப்பார். பசித்தவன் திருடினால் பாவமா என்ற பகுதியில் திருடனுக்காக அவர் பேசும் பேச்சைப் படித்தால், உடனே எழுந்துபோய்ச் சிறைக் கதவைத் திறந்துவிடலாமா என்று தோன்றும். அதற்குப் பிறகுதான் தன் பதிலைத் தொடங்குவார், மெதுவாக.

இப்படிப்பட்டவர் ஏன் மறக்கப்பட்டார்? எங்கள் ஆசிரியருக்கு ஓர் ஊகம் இருந்தது. படி எடுத்தவர்கள் முன்பாதியோடு நின்றிருப்பார்கள், கேட்டவர்கள் அதையே அவர் கொள்கை என்று எண்ணி, நாத்திகன், குடிகெடுப்பான் என்று ஒதுக்கியிருப்பார்கள் என்பார். அந்த அநியாயத்தைத் தீர்க்கவே தொடரை வெளியிடுகிறோம் என்று முதல் இதழில் எழுதினார். அந்த வரியை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

துறவைப் பற்றிய பகுதி வந்த மாதம். அச்செழுத்தெல்லாம் கோத்தாகிவிட்டது. கடைசி நேரத்தில் ஒரு மருந்துக் கம்பெனி விளம்பரம் வந்தது. ஒரு பக்கம் முழுதாகக் கேட்டார்கள். ஆசிரியர் படியைப் புரட்டினார். எதிரியின் பேச்சு முடியும் இடத்தில் விரலை வைத்தார்.

"இங்க நிறுத்திடுவோம். படிக்கிறவன் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அடுத்த மாசம் வரைக்கும் காத்திருப்பான்."

கீழே 'இன்னும் வரும்' என்று போட்டு அச்சுக்கு அனுப்பினோம். மூச்சைப் பிடித்துக்கொண்டு யார் காத்திருப்பார்கள், எந்த வீட்டில் காத்திருப்பார்கள் என்று நாங்கள் யோசிக்கவில்லை.

இதழ் வெளிவந்து சில நாள் கழித்து, காலையில் ஒரு பெண் மாடி ஏறி வந்தாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. கையில் எங்கள் இதழ். வெற்றிலைப் பொட்டலத்தைப் பிடிப்பதுபோல் சுருட்டிப் பிடித்திருந்தாள். தூங்காத முகம், ஆனால் அழுகை இல்லை.

"இங்க நயினார்ன்றவரு யாரு?" என்றாள்.

ஆசிரியர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நான்தான் பேசினேன். "என்னம்மா வேணும்? எங்கேருந்து வர்றீங்க?"

"பேரணாம்பட்டு. என் பேரு தனகோட்டி. என் புருசன் முனிரத்தினம், கரீம் சாயபு தோல் ஷாப்புல தரம் பிரிக்கிற வேலை. மிஷன் பள்ளிக்கூடத்துல படிச்சவரு. மாசாமாசம் உங்க புஸ்தகத்தை வாங்கினு வந்து படிப்பாரு. இந்த மாசம் இதைப் படிச்சாரு. ரெண்டு நாளா இதையேதான் படிச்சாரு. அப்புறம் முந்தாநாள் காலையில எழுந்து பார்த்தா ஆளைக் காணோம். உங்க நயினார் கிட்டத்தான் வந்திருப்பாரு. எங்க அந்த ஆளு? என் புருசனை அனுப்பச் சொல்லுங்க."

"அம்மா, நயினார் இங்கே இல்ல. அவர் செத்து இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் பொய் சொல்கிறேனா, பைத்தியமா என்று தீர்மானிக்கிற பார்வை.

"செத்தவரா என் புருசனை இட்டுனு போனாரு?"

அவள் குழந்தையைத் தரையில் உட்கார வைத்துவிட்டு இதழை நீட்டினாள். "எனுக்குப் படிக்கத் தெரியாது. இன்னா எழுதியிருக்குதுன்னு படிங்க. கேக்கறேன்."

படித்தேன். உங்களுக்கும் அந்த இடத்தை எழுதுகிறேன்.

"தனியே வந்தாய், தனியே போவாய். நடுவில் உன்மேல் ஏறியவை எல்லாம் கொடி. மரம் கொடியை அழைத்ததில்லை. உன்னுடையது என்று நீ அழுகிறவை யாவும் உன்னைக் கேளாமல் வந்தன, உன்னைக் கேளாமல் போயின. நீ மட்டும் எவரைக் கேட்டுப் போக வேண்டும்? எழுந்து நட. உன் பின்னே அழுகுரல் கேட்கும். அது ஆற்றோசை போலக் கொஞ்ச தூரத்தில் அடங்கிப்போம்."

அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்.

"நல்லாத்தான் சொல்றாரு," என்றாள். "அதான் பயமா இருக்குது." பிறகு சொன்னாள். "எங்களுக்குப் பெரியவன் ஒருத்தன் இருந்தான். மழைக்காலத்துல காய்ச்சல் வந்து போய்ட்டான். அதுலேருந்து இந்தக் குழந்தையை அவரு தூக்கறதே இல்ல. கேளாம வந்துது, கேளாம போச்சுன்னு... அவருக்கே எழுதின மாதிரி இருக்குது." நிமிர்ந்தாள். "இதுக்கு மேல இன்னா சொல்றாரு?"

"இதுக்கு மேலதான் பதில் சொல்றாரு. இது அவர் கட்சியே இல்லம்மா, எதிர்க்கட்சி. பதில் அடுத்த மாசம் வரும்."

"அடுத்த மாசம் வரைக்கும் என் புருசன் எங்க இருப்பாரு?"

இந்தத் தொழிலில் இதைவிடக் கடினமான கேள்வியை நான் எதிர்கொண்டதில்லை.

ஆசிரியர் என்னை உள்ளே கூப்பிட்டார். "போலீசுக்குப் போவாங்களா? மத்த பத்திரிகைக்காரனுக்குத் தெரிஞ்சா நம்ம கதை முடிஞ்சுது. தொடரை நிறுத்திடலாம். மன்னிப்புன்னு நாலு வரி போட்டுடலாம்." சொல்லிக்கொண்டே போனவர் சட்டென்று நிறுத்தி, வெளியே தரையில் தவழ்ந்துகொண்டிருந்த குழந்தையைப் பார்த்தார். அலமாரியைத் திறந்து, அடுத்த மாதத்துக்கென்று நான் எழுதி வைத்திருந்த படியை எடுத்துக் கொடுத்தார். "அந்த அம்மாவோட நீ போ. அந்த ஆளைக் கண்டுபிடி. மீதியைப் படிச்சுக் காட்டு."

பயந்த மனிதர்தான். ஆனால் அந்த நேரத்தில் சரியான முடிவை எடுத்தார். பயப்படுகிறவர்களால் முடியாது என்று நினைக்காதீர்கள்.

காட்பாடியில் ரயில் ஏறினோம். தனகோட்டி ஜன்னல் ஓரம் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். நான் எதிரில் படியைப் பிரித்தேன். ஓலையிலிருந்து எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதியவன் நான்தான். ஆனால் எழுத்தைப் பார்ப்பது வேறு, ஓர் ஆளின் உயிருக்காகப் படிப்பது வேறு. நயினார் வீட்டுக்குத் திரும்பிப் போ என்று சொல்லியிருப்பார் என்று எண்ணிக்கொண்டு படித்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. துறவு கூடாது என்றும் சொல்லவில்லை. போகுமுன் வீட்டில் இருப்பவரிடம் விடை, அதாவது அனுமதி, கேள் என்றார். அதில் ஒரு வரி எனக்குக் குலைநடுக்கம் தந்தது: "அவர் விடை தந்தால் போ, தடை இல்லை."

குடியாத்தம் தாண்டியது. மறுபடி படித்தேன். அந்த வரி அங்கேயேதான் இருந்தது. எதிரே இருந்தவளிடம் சொல்லலாமா? சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

மேல்பட்டியில் இறங்கி ஜட்கா பிடித்துப் பேரணாம்பட்டு போனோம். ஊரை நெருங்கும்போதே தோல் பதனிட ஊறவைத்த பட்டையின் நெடியும் பச்சைத்தோல் நாற்றமும் வந்தன. கரீம் சாயபு ஷாப் வாசலிலேயே நின்றிருந்தார். உருதுவும் தமிழும் கலந்து பேசுகிற பெரிய உருவம். எங்களைக் கண்டதும் கையை ஆட்டினார்.

"வாம்மா தனகோட்டி, நல்ல சேதி. மலையிலேருந்து ஆவாரம்பட்டை ஏத்தினு வந்த வண்டிக்காரன் பார்த்திருக்கான். வெங்கடகிரிக்கோட்டை போற பாதையில, மலையடிவாரச் சாவடியில இருக்கான் உன் ஆளு. பைராகிச் சாமியாருங்க கூட. அவங்க வடக்கே காசிக்குப் போறாங்களாம். வெயில் தாழ்ந்ததும் மலை ஏறிடுவாங்க. ஏறிட்டா அவ்வளவுதான். வண்டி பூட்டியாச்சு, ஏறுங்க." என்னைப் பார்த்தார். "இவரு யாரு?"

"பத்திரிகை ஐயா. அந்தச் செத்துப்போன ஆளோட மீதியை எடுத்தாந்திருக்காரு," என்றாள்.

சாயபுவும் ஏறிக்கொண்டார். அவருக்கு முனிரத்தினத்தின் மேல் பிரியம். தோலைத் தொட்டே தரம் சொல்கிற ஆள், கோபப்பட்டுப் பேசியதே கிடையாது, இப்படிப் போவானென்று கனவிலும் நினைக்கவில்லை என்று வழியெல்லாம் புலம்பினார். மாடுகள் ஓடின. வெயில் மலையின் மேல்பாதிக்கு நகர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் நான் வானத்தைப் பார்த்தேன்.

சாயபு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அந்தப் பேப்பர்ல இன்னா இருக்குது? வூட்டுக்குப் போன்னு இருக்குதா?"

"அப்படி நேரா இல்ல சாயபு."

"பின்ன?"

சொன்னேன். அவர் தாடியைத் தடவினார். "இன்னா ஐயா இது, பேஜாராப் போச்சே. பொண்டாட்டி கோவத்துல போய்த் தொலைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா? போய்டுவான். நீங்க ஒண்ணு பண்ணுங்க. அந்த வரியை விட்டுடுங்க. நேரா வூட்டுக்குப் போன்னு நயினார் சொல்லிட்டாருன்னு படிச்சுடுங்க. செத்தவரு வந்து இல்லன்னு சொல்லப் போறாரா? ஒரு குடும்பம் பொழைக்கும். அல்லா மன்னிப்பான்."

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள் தம்பிகளே, தங்கைகளே. ஒரு வரியை விழுங்கினால் ஒரு குழந்தைக்கு அப்பன் கிடைப்பான். விழுங்காவிட்டால் கிடைக்காமலே போகலாம். கேட்பவர் கெட்டவர் அல்ல. பின்னால் வண்டியில் உட்கார்ந்திருப்பவள் உங்கள் இதழால் அலைக்கழிக்கப்பட்டவள். அப்போது என் மனத்தில் பெரிய தர்மம் எதுவும் ஓடவில்லை. விழுங்கிவிடுவது என்றே பாதி தீர்மானித்திருந்தேன்.

சாவடி தெரிந்தது. புளியமரங்களின் கீழ் காவித்துணி உலர்ந்துகொண்டிருந்தது. சில பைராகிகள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். வண்டியைக் கொஞ்சம் தள்ளி, குரல் எட்டும் இடத்தில் நிறுத்தச் சொன்னார் சாயபு. தனகோட்டி வண்டியிலேயே இருந்தாள். "நான் வந்தா எழுந்து ஓடிடுவாரு. நீங்க போங்க," என்றாள்.

முனிரத்தினம் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த ஆள். தலையை மழித்திருந்தார். ஆனால் கட்டியிருந்தது இன்னும் வெள்ளை வேட்டிதான். சாயபுவைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"மொதலாளி, நீங்க ஏன் வந்தீங்க? நான் திரும்பறதா இல்ல."

"நான் உன்னைக் கூப்பிட வரலைடா. இவரு பத்திரிகை ஐயா. உன் நயினாரோட ஆளு. அவர்கிட்ட பேசு."

முனிரத்தினத்தின் முகம் மாறியது. அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை.

"அதுக்கு மேல நயினார் இன்னா சொல்றாரு?"

போகிறேன் என்றவருக்கும் மீதி வேண்டியிருந்தது. இரண்டு நாளாக அவரும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் என்று புரிந்தது. அந்தக் கண்களைப் பார்த்த பிறகு வரியை விழுங்க எனக்குத் தைரியம் வரவில்லை. தோலில் ஊசிமுனை அளவு ஓட்டையையும் விரலால் கண்டுபிடிக்கிற ஆளுக்கு, வாக்கியத்தில் விட்ட ஓட்டை தெரியாதா? இன்னொன்றும் தோன்றியது. நயினார் தன் எதிரிக்குக்கூட ஒரு வார்த்தையைக் குறைத்துக் கொடுத்ததில்லை. அவர் பெயரால் பேச வந்த நான், என்னை நம்பிக் கேட்கிற ஒருவருக்குக் குறைத்துக் கொடுப்பதா?

படித்தேன். முழுவதையும், வண்டிவரை கேட்கும்படி.

"கேளாமல் வந்தது பிறப்பு. கேளாமல் போனது சாவு. நீ பிறப்பும் அல்லை, சாவும் அல்லை. கேட்க வாய் உடையவன். வாய் இருந்தும் கேளாமல் போவாயாகில், உன்னை அழவைத்த சாவின் தொழிலையே நீயும் செய்தாய். கட்டுக்கு இரு முனை உண்டு. ஒரு முனையில் நின்று பிரித்தவன் அவிழ்த்தவன் அல்லன், அறுத்தவன். அவிழ்க்க வேண்டுமாகில் மறுமுனையில் நிற்பாரைக் கேள். அவர் விடை தந்தால் போ, தடை இல்லை. தாராராகில் உனக்குத் துறவு இன்னும் வரவில்லை, வந்தது ஓட்டமே."

சாயபு கண்ணை மூடிக்கொண்டார். பைராகிகளில் ஒருவர் இந்துஸ்தானியில் ஏதோ கூப்பிட்டார், புறப்படுகிறார்கள். முனிரத்தினம் அசையவில்லை.

"எத்தனையோ பேரு கேக்காமத்தானே போயிருக்காங்க," என்றார். அது என்னிடம் சொன்னதா, நயினாரிடம் சொன்னதா தெரியாது.

நான் படியை மடித்தேன்.

"அவகிட்ட கேக்க பயந்துதான் கேக்காம வந்தேன்," என்றார் கடைசியில்.

சாயபு வண்டி நின்ற பக்கம் கையைக் காட்டினார். "அங்க இருக்கா. போய்க் கேளு."

முனிரத்தினம் வண்டியை நோக்கி நடந்தார். அந்த நடையைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தைப் போல ஒரு நேரத்தை நான் மறுபடி அனுபவிக்கவில்லை. சாயபு என் கையைப் பிடித்திருந்தார். பிடித்தது அவருக்கே தெரியவில்லை. அவள் என்ன சொல்வாள்? இரண்டு நாள் தூங்காத கோபம். போ என்ற ஓர் எழுத்து போதும். அந்த எழுத்துக்கு வழி திறந்துவிட்டவன் நான்.

வண்டிக்குள்ளிருந்து அவள் இறங்கவில்லை. அவர் கீழே நின்றார்.

"தனகோட்டி, நான் போவட்டுமா?"

அவள் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். "நீ கேக்கறியா, அந்த ஆளு கேக்கச் சொன்னதால கேக்கறியா?"

"நான்தான் கேக்கறேன்."

"அப்ப கேளு. பெரியவன் போனப்ப நீ மட்டுமா அழுத? உனுக்கு ஒரு மலை கிடைச்சுது, ஓடியாந்துட்ட. எனுக்கு எந்த மலை இருக்குது? இதைத் தூக்க பயமா இருக்குதுன்னு நீ தூக்கல. எனுக்கும்தான் பயமா இருக்குது. பயந்துகினேதான் தூக்கறேன்." குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "விட மாட்டேன். விடை குடுக்க மாட்டேன். போனா, அறுத்துட்டுப் போனேன்னு நெனைச்சுகினு போ."

பைராகிகளின் கோல்கள் கல்லில் தட்டிக்கொண்டு மேலே போகும் சத்தம் கேட்டது. முனிரத்தினம் ஒருமுறை அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு வண்டியின் முன்பக்கம் போய் வண்டிக்காரன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். மனைவி பக்கத்தில் அல்ல. குழந்தையையும் தூக்கவில்லை. கதைகளில் வருவதுபோல் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று உங்களுக்கு எழுத ஆசைதான். நடக்கவில்லை.

வேலூர் திரும்பி ஆசிரியரிடம் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்தார். "தப்பிச்சோம். இதோட நிறுத்திடுவோம்," என்றார்.

"நிறுத்தினா நயினார் பாதியிலேயே நின்னுடுவார் ஐயா. இத்தனை காலமா அவருக்கு நடந்ததே அதுதானே?"

"இன்னொரு முனிரத்தினம் எங்கேயாவது எழுந்து போனா?"

"போவாங்கன்னு நினைச்சுக்கிட்டேதான் எழுதணும்."

நாங்கள் இருவரும் உரக்கப் பேசிக்கொண்ட நாள் அது ஒன்றுதான். முடிவில் தொடர் நின்றுவிடவில்லை. ஆனால் ஒரு விதி வந்தது. எதிரியின் பேச்சு எந்த இதழில் வருகிறதோ, பதிலும் அதே இதழில் வரவேண்டும். பக்கம் போதாவிட்டால் அந்த மாதம் நயினார் வரமாட்டார். ஒரு மாதம் விளம்பரத்தைத் திருப்பி அனுப்பினோம். அதனால் தள்ளிப்போன அச்சுக்கூலிக்காக அச்சக முதலாளியிடம் ஆசிரியர் கை நடுங்கிக்கொண்டேதான் பேசினார், ஆனால் பேசினார்.

உங்களுக்குச் சொல்ல விரும்புவது விதியை அல்ல, அதன் காரணத்தை. உயிரோடிருக்கிற ஆசிரியரைத் தவறாகப் புரிந்துகொண்டால் அவர் வந்து மறுப்பு எழுதுவார். செத்தவர் வரமாட்டார். அவரை வாசகர் வீட்டுக்குள் கூட்டிப்போனவர் நீங்கள். அவருக்கு ஜாமீன் நிற்பவரும் நீங்கள்தான். அவரைப் பாதி வழியில் விட்டுவிட்டு வந்துவிடக் கூடாது. அவரை நல்லவராகக் காட்டுவதற்காக அவர் சொல்லாததைச் சொல்லவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நடப்பது பயமாகத்தான் இருக்கும். எனக்குப் பணி முடியும்வரை அந்தப் பயம் போகவில்லை. அது போய்விட்டதாக உங்களில் யாராவது சொன்னால் அவரிடம் தத்துவப் பக்கத்தைக் கொடுக்காதீர்கள்.

முனிரத்தினம் மறுபடி வேலைக்குப் போனார். சில மாதங்களுக்குப் பிறகு நான் சாயபு ஷாப்புக்கு ஒரு வேலையாகப் போனபோது கணவனும் மனைவியும் என்னை வீட்டுக்கு அழைத்தார்கள். அவர் தலையில் முடி வளர்ந்திருந்தது. குழந்தை அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவர் அதைத் தடுக்கவும் இல்லை, தழுவவும் இல்லை, விழாமலிருக்க ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டியிருந்தார். சந்தோஷமாக இருக்கிறாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. கேட்கவும் இல்லை.

"அடுத்து இன்னா வருது?" என்றார்.

இறந்தவர்களை நினைத்துக்கொண்டிருப்பதால் யாருக்கு என்ன பயன் என்ற பகுதி என் பையில் இருந்தது. தயங்கினேன். தனகோட்டி அடுப்படியிலிருந்தே சொன்னாள். "படிங்க. அச்சடிக்கறதுக்கு மின்னாடி நாங்க கேட்டுக்கறோம்."

படித்தேன். எதிரியின் பேச்சு வழக்கம்போல் பலமாக இருந்தது. மறந்துவிடு, மறப்பதே மருந்து என்று அவன் கெஞ்சுகிறான். முனிரத்தினம் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சு முடியும் இடத்தில் எனக்குத் தொண்டை வறண்டது. தண்ணீர்ச் செம்பை எடுக்கக் கையை நீட்டினேன்.

தனகோட்டி கரண்டியோடு வெளியே ஓடிவந்தாள்.

"நிறுத்தாதீங்க ஐயா! தண்ணி அப்புறம் குடிக்கலாம். அவரு எழுந்து போய்டறதுக்குள்ள மீதியையும் படிச்சுடுங்க."